ஓடாத காருக்கும் வயதாகும்

‘மைலேஜ்’ என்பது தமிழில் கொஞ்சம் குழப்பமான சொல். “வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது?” என்று யாராவது கேட்டால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். அரிய சூப்பர் கார்களை வாங்கி விற்பவர்கள் அதே சொல்லைச் சொல்லும்போது அவர்களுடைய கண் ஓடோமீட்டரில் இருக்கும். பிறந்ததிலிருந்து வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதே அவர்களுக்கு மைலேஜ். 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த ஏலத்தில் ஒரு மெக்லாரன் எஃப்1 கார் 2 கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. பிறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்த அந்த வண்டி அதுவரை ஓடியிருந்த தூரம் சுமார் 390 கிலோமீட்டர். ஒரே பகலில் ஓட்டி முடித்துவிடக்கூடிய தூரம்.

இந்த இரண்டு மைலேஜையும் வைத்துத்தான் பெரும்பாலோர் சூப்பர் காரின் செலவைக் கற்பனை செய்கிறார்கள். பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும், ஓட்ட ஓட்டத் தேயும், ஆகவே ஓட்டாமல் மூடி வைத்தால் செலவு மிச்சம் என்பது அவர்களுடைய கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்குள்ளே மூன்றாவது மீட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு டாஷ்போர்டில் முள் கிடையாது. அதுதான் நாள்காட்டி. இந்த வண்டிகளின் பராமரிப்புச் செலவில் பெரும்பகுதி அந்த மூன்றாவது மீட்டரின் பில்தான்.

முதலில் பெட்ரோலைப் பேசி முடித்துவிடுவோம்.

2005 முதல் 2015 வரை 450 மட்டுமே தயாரிக்கப்பட்ட புகாட்டி வெய்ரானை எடுத்துக்கொள்வோம். 8 லிட்டர் கொள்ளளவு, 16 சிலிண்டர், 4 டர்போ, 1,001 குதிரைத்திறன். இத்தனையையும் குளிர்விக்க 10 ரேடியேட்டர்கள். ஐரோப்பிய முறைப்படி அளந்த அதன் அதிகாரபூர்வ எரிபொருள் கணக்கு 100 கிலோமீட்டருக்கு 24.1 லிட்டர். நம் பாணியில் சொன்னால் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் சொச்சம். நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு 40.4 லிட்டர் குடிக்கும், அதாவது லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர்.

உச்ச வேகத்தில் நிலைமை இன்னும் மோசம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். மணிக்கு 407 கிலோமீட்டர் வேகத்தில் வெய்ரானின் 100 லிட்டர் டாங்க் ஏறத்தாழ 12 நிமிடத்தில் காலியாகிவிடும். அந்த 12 நிமிடத்தில் வண்டி கடக்கும் தூரம் 81 கிலோமீட்டர். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தில் டயர்கள் சுமார் 15 நிமிடம்தான் தாங்கும் என்றும் சொல்வார்கள். டயர் வெடிப்பதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்பது ஒரு வகையில் ஆறுதல்தான்.

ஆனால் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு சாதாரணக் கார் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் 1,000 லிட்டர் குடிக்கும். வெய்ரானை அதன் உரிமையாளர் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஆகும் பெட்ரோல் 482 லிட்டர், பாதிகூட இல்லை. அரிய கார்களில் பலவும் அந்த 2,000 கிலோமீட்டரையும் எட்டுவதில்லை. இந்த வண்டிகளில் பெட்ரோல் செலவு சில்லறைக் கணக்கு, அதோடு அதை விட்டுவிடலாம்.

இப்போது அந்த மூன்றாவது மீட்டருக்கு வருவோம்.

எந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தாலும் “இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது” என்று எழுதியிருக்கும். அன்றாடம் ஓட்டுகிறவர்களுக்குக் கிலோமீட்டர்தான் முதலில் வரும். மாதக் கணக்கை நாம் கவனிப்பதே இல்லை. சூப்பர் காரில் இது தலைகீழ். ஃபெராரியின் பராமரிப்புத் திட்டம் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டி அந்த 20,000 கிலோமீட்டரை எட்டுவதற்குள் இருபது சர்வீஸ் பார்த்திருக்கும்.

சும்மா நிற்கும் வண்டிக்கு எதற்கு சர்வீஸ் என்று கேட்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும், கடுமையாக பிரேக் பிடிக்கும் நேரத்தில் உள்ளே ஆவி உண்டாகி மிதிக்கட்டை தரைவரை இறங்கிவிடும். அதனால்தான் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஆயில் சீல்கள் எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கும்வரை மெத்தென்று இருக்கும். மாதக்கணக்கில் உலர்ந்தால் இறுகிக் கசிய ஆரம்பிக்கும். டாங்கில் பழசாகும் பெட்ரோல், குறிப்பாக எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுத்துக்கொண்டு எரிபொருள் குழாய்களையும் இன்ஜெக்டர்களையும் கெடுக்கும். பேட்டரி தானாகவே இறங்கும். ஹைபிரிட் சூப்பர் கார்களில் உயர் மின்னழுத்த பேட்டரியைக் கவனிக்காமல் விட்டால் அந்த பில் தனிக்கதை. ஆகவேதான் இந்த வண்டிகள் நிற்கும் இடங்களில் சுவரிலிருந்து வண்டிக்கு எப்போதும் ஒரு சார்ஜர் வயர் போய்க்கொண்டிருக்கும். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த ஃபெராரிகளில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பொத்தான்கள்கூடக் காலப்போக்கில் வெல்லப்பாகு தடவியதுபோலப் பிசுபிசுக்கத் தொடங்கும். யாரும் தொடாமலேயே.

ரப்பரில் செய்த ஒரு சாமான் மட்டும் தனியாகப் பேச வேண்டியது: டைமிங் பெல்ட்.

பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் ஷாஃப்ட்டும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் ஒரே தாளத்தில் சுழலவேண்டும். அந்தத் தாளத்தைக் காப்பது பல் வைத்த இந்த பெல்ட்தான். பெல்ட் அறுந்தாலோ இரண்டு பல் நழுவினாலோ, மேலே ஏறிவரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வின்மேல் மோதும். ஃபெராரி எஃப்355 எஞ்சினில் சிலிண்டருக்கு 5 வீதம் 40 வால்வுகள். எஞ்சின் நிமிடத்துக்கு 8,500 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் பெல்ட் போனால் என்ன மிஞ்சும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. ரப்பருக்கு வயதாகும் என்பதால், வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் அதை மாற்றுவது வழக்கம்.

எஃப்355 அப்படியொன்றும் மிக அரிய கார் அல்ல, ஆயினும் இந்த வேலையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், உடலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் இருப்பது எஞ்சினின் முன்பக்கம், அதாவது இருக்கைச் சுவரை ஒட்டிய பக்கம். அங்கே கை நுழையாது. எனவே மெக்கானிக் எஞ்சினையே வெளியே எடுக்கிறார். கூலன்ட் வடிக்கப்படும், வயர்க் கட்டுகளும் குழாய்களும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சீட்டு ஒட்டி ஒதுக்கப்படும். பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ், பின்பக்க சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்த அடிச்சட்டம் ஒரு மேசைமேல் அமர, வண்டியின் உடல் லிஃப்ட்டில் மெல்ல மேலே போகும். கார் கீழே குட்டி போட்டதுபோல் இருக்கும் அந்தக் காட்சி. இத்தனைக்கும் பிறகு மாற்றப்படும் பெல்ட்டைச் சுருட்டி ஒரு கையில் அடக்கிவிடலாம்.

செலவு அங்கே நிற்பதில்லை. எஞ்சின் மேசைமேல் வந்தபிறகு ஒரு வாக்கியம் பிறக்கும்: “இவ்வளவு தூரம் கழற்றிவிட்டோம், இதையும் பார்த்துவிடலாமே.” பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், கேம் ஷாஃப்ட் சீல்கள், இறுகிப்போன ஹோஸ்கள், பாதி தேய்ந்த கிளட்ச் என்று பட்டியல் நீளும். உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் மெக்கானிக் சொல்வதில் தவறில்லை. ஆறு மாதம் கழித்து அந்த வாட்டர் பம்ப் கசிந்தால் எஞ்சின் மறுபடியும் கீழே இறங்கவேண்டும். சாமானின் விலையைவிட அதனிடம் போய்ச்சேரும் கூலி அதிகம் என்பதால், கெடாததையும் சேர்த்து மாற்றுவதே இங்கே சிக்கனம். ஃபெராரியே இந்தத் தலைவலியை உணர்ந்திருக்கவேண்டும். அடுத்து வந்த 360 மாடலில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து பெல்ட்டை எட்ட வழிவைத்தார்கள். 2004இல் வந்த எஃப்430இல் பெல்ட்டையே தூக்கிவிட்டுச் சங்கிலிக்கு மாறினார்கள்.

இன்னும் அரிதான வண்டிகளுக்குப் போனால் பெட்ரோல் டாங்கே நாள்காட்டிக்குக் கட்டுப்பட்டது. மெக்லாரன் எஃப்1இல் இருப்பது பந்தயக் கார்களில் வரும் ரப்பர்ப் பை. மோதலில் கிழியாது, தீப்பிடிக்கும் ஆபத்தைக் குறைக்கும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரப்பர் ரப்பர்தானே. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பையை மாற்றவேண்டும், அதற்கும் எஞ்சினை இறக்கியாகவேண்டும். 1987இல் அறிமுகமான ஃபெராரி எஃப்40இலும் இப்படிப்பட்ட பைகள்தான், அவற்றுக்குப் பத்து ஆண்டுக் கெடு. தொடக்கத்தில் சொன்ன 390 கிலோமீட்டர் காரின் 25 ஆண்டுகளை இந்தக் கெடுவோடு சேர்த்துப் பாருங்கள். விதிப்படி பராமரித்தால், சராசரியாக 80 கிலோமீட்டருக்கு ஒரு டாங்க்!

எஃப்1 மொத்தமே 106தான் தயாரானது, அதில் சாதாரணச் சாலைக் கார்கள் 64. இவ்வளவு குறைவாகச் செய்த வண்டிக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. சின்ன எண்ணிக்கையில் கார் செய்கிறவர்கள் விளக்கு, கண்ணாடி போன்றவற்றுக்குத் தனி அச்சு வார்ப்பதில்லை, ஏற்கெனவே சந்தையில் இருப்பதை எடுத்துப் பொருத்திவிடுவார்கள். உலகின் அதிவேகக் காராக விளங்கிய எஃப்1இன் பின்விளக்கு ஒரு டச்சு நிறுவனத்தின் பஸ்ஸிலிருந்து வந்தது. ஜாகுவார் எக்ஸ்ஜே220இன் பின்விளக்கு ரோவர் 200 என்ற குடும்பக் காருடையது. லம்போர்கினி தியாப்லோவின் பிந்தைய மாடல்களில் நிஸ்ஸான் 300இசட்எக்ஸின் முகப்பு விளக்கு. கேலி செய்பவர்கள் செய்யட்டும், பல கோடி கொடுத்து வாங்கிய வண்டியின் விளக்கு உடையும் நாளில் இதைவிட நல்ல செய்தி கிடையாது.

பிரச்சினை, அந்த ஒரு வண்டிக்காக மட்டுமே செய்யப்பட்ட சாமான்களில். எக்ஸ்ஜே220இன் அசல் டயர் உற்பத்தி நின்றுபோய், உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் திண்டாடினார்கள். கணினி விஷயத்தில் இன்னும் வேடிக்கை. மெக்லாரன் எஃப்1இன் எஞ்சினோடு பேசி என்ன கோளாறு என்று கேட்பதற்கு 1990களின் காம்பாக் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. அதற்கென்று செய்த ஒரு தனி அட்டை, அந்த மாடல் மடிக்கணினியில்தான் வேலைசெய்யும். 2016இல் இந்தச் செய்தி வெளிவந்தபோது மெக்லாரன் நிறுவனத்தாரே இன்னும் அந்தப் பழைய கணினிகளை வைத்துத்தான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணினி இல்லாத பழைய கார்புரேட்டர் கார் ஒன்றின் வரைபடம் காகிதத்தில் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் அதைச் சரிசெய்துவிடலாம். மென்பொருளால் ஓடும் இன்றைய ஹைபிரிட் சூப்பர் காரை 2060இல் யார் திறப்பார் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

ஓட்டினால் தேய்பவையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவையும் கிலோமீட்டர்க் கணக்குப்படி தேய்வதில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச்சைப் பாருங்கள். 2004இல் வந்த போர்ஷே கரேரா ஜிடியின் செராமிக் கிளட்ச்சின் விட்டம் 169 மில்லிமீட்டர், சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதன் பின்னால் 600க்கும் மேற்பட்ட குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் ஐநூறு கிலோமீட்டர் ஓட்டினால் கிளட்ச்சுக்கு ஒன்றும் ஆகாது, ஒருமுறை இணைந்தால் இணைந்ததுதான். அதே வண்டியைக் கண்காட்சிக்காக டிரெய்லரில் ஏற்றி, இறக்கி, அரை மீட்டர் முன்னே அரை மீட்டர் பின்னே என்று நகர்த்தினால் அரைக்கிளட்ச்சிலேயே எரிந்து போகும். ஓடோமீட்டரில் அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. கிளட்ச்சைத் தானாக இயக்கும் பழைய ஃபெராரிகளிலும் இதே கதைதான். ஆகவே குறைந்த தூரம் ஓடிய வண்டி என்பதால் கிளட்ச் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. கார்பன் செராமிக் பிரேக் தட்டுகளையோ தடிமனைப் பார்த்து மட்டும் மதிப்பிட முடியாது. வெப்பத்தில் உள்ளே கார்பன் எரிந்து எடை குறையும். தட்டிலேயே குறைந்தபட்ச எடை பொறித்திருப்பார்கள், கழற்றித் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அப்படியென்றால் நிறைய ஓட்டிய வண்டி விலை குறையாதா? குறையும், சந்தை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. நடிகர் ரோவன் அட்கின்சன் தம்முடைய மெக்லாரன் எஃப்1ஐ வாகனமாகவே பயன்படுத்தினார். 41,000 மைல், அதாவது சுமார் 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். 2011இல் பெரிய விபத்தில் சிக்கியது. காப்பீட்டு நிறுவனம் பழுதுபார்க்க சுமார் 9,10,000 பவுண்டு கொடுத்தது. 2015இல் அதே வண்டி சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது, வாங்கிய விலையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஓட்டிய மகிழ்ச்சியும் அவருக்கே, லாபமும் அவருக்கே.

வண்டியை நன்றாக வைத்திருக்கத் தெரிந்தவர்கள் செய்வது எளிமையானது. சில வாரங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, எஞ்சின் ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும் முழுச் சூடேறும்வரை, முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவார்கள். நிறுத்திவைத்த இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் தீமையே அதிகம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த எஞ்சினிலும் புகைக்குழாயிலும் தண்ணீராகத் தங்கிவிடும், கியர்பாக்ஸோ சக்கர பேரிங்குகளோ அசைந்திருக்கவும் மாட்டா.

வாங்கப் போகிறவர் ஓடோமீட்டரைப் பார்க்கும் முன் பில் கோப்பைக் கேட்கவேண்டும். 4,000 கிலோமீட்டர் ஓடி மெலிந்த கோப்போடு நிற்கும் வண்டியும், 40,000 ஓடி ஆண்டு தவறாத பில்களோடு நிற்கும் வண்டியும் அருகருகே இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். முதலாவதில் பெல்ட், பை, ஹோஸ், டயர் எல்லாவற்றின் பாக்கியும் விலைக்கு மேலே எனக்காகக் காத்திருக்கும். சில பாக்கிகள் எந்தக் கோப்பிலும் தெரியாது. 2023இல் போர்ஷே நிறுவனம் கரேரா ஜிடி உரிமையாளர்களிடம், சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றித் தரும்வரை வண்டியை ஓட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அப்போது அந்தக் கார்களின் வயது 16க்கும் மேல்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுமுன் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டயர் நிறுவனங்கள் பொதுவாக உச்ச வரம்பாகச் சொல்வது 10 ஆண்டு. 300 கிலோமீட்டர் வேகம் தொடும் வண்டியில் ஐந்தாறு ஆண்டு தாண்டினாலே நான் நம்பமாட்டேன். 2013இல் நடிகர் பால் வாக்கர் உயிரிழந்த கரேரா ஜிடி விபத்துக்கு அதிவேகமே காரணம் என்றது விசாரணை. அந்த வண்டியின் டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. விற்பனைக் குறிப்புகளில் “தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் டயர்களே இன்றும்” என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அந்த டயர்கள் பளபளவென்று, தரையைப் பிடிக்கும் பூ வேலை தேயாமல் முழுதாக இருக்கும். அந்த டயர்களோடு வண்டியை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.